கல்மரத்தோடு நின்றுவிடாமல் களிமண்ணையும் காப்பாற்றுங்கள்

கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களின் புவியியல் பிரிவினருக்கும், கடலூர், புதுச்சேரி கல்லூரிகளின் தாவரவியல் துறையினருக்கும்

வணக்கம்.

திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்கு வேலி இருக்கிறது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்ற பலகையும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பும் இருக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டு பழைய அந்த மரங்களுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் காட்டின் தரையில் என்ன முளைத்தது, மரங்களின் மீது எது தொற்றி ஏறியது, சதுப்பு ஓரத்தில் எது மிதந்தது என்று கேட்டால், குறிப்பாகப் பூவும் விதையும் இல்லாத பெரணிச் செடிகளைப் பற்றிக் கேட்டால், கல்மரம் பதில் சொல்லாது. பதில் சொல்லக்கூடியது கரும்சாம்பல் நிறக் களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும். அவற்றுக்கு வேலி இல்லை. பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் வெட்டுகிறது, கன்வேயர் சுமக்கிறது, ஸ்ப்ரெடர் கொட்டுகிறது. களிமண் மேட்டில் கலந்துவிடுகிறது, நிலக்கரி கொதிகலனில் எரிந்துவிடுகிறது.

சுரங்க வேலையை நிறுத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. புதிதாக வெட்டப்படும் ஒவ்வொரு நிலக்கரி முகத்திலும் (வெட்டிய செங்குத்துப் பக்கத்திலும்) ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே ஒரு செங்குத்துக் கோட்டில், சில கிலோ மண் எடுத்து வைக்க வேண்டும். எடுத்ததை முறையாகப் பாதுகாக்க ஓர் அறை வேண்டும். கேட்பது அவ்வளவுதான். ஏன், எப்படி, எங்கே தவறும் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். மேலோட்டமாகச் சொன்னால் வேலையும் மேலோட்டமாக நடந்து வீணாகும்.

பெரணியைத் தேடி யாரும் முதலில் போவது கல்மரத்திடம்தான். அங்கே அது கிடைப்பது அரிது. திருவக்கரை மரங்களுக்குக் கிளையும் வேரும் இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த அடிமரங்கள் அவை. அந்தப் பயணத்தைத் தாங்க வலுவான கட்டை வேண்டும். பெரணிக்கு அந்தக் கட்டை கிடையாது. ஆண்டு தோறும் தண்டைப் பருக்கச் செய்யும் இரண்டாம் நிலைக் கட்டைத் திசு அநேகமாக எந்தப் பெரணியிலும் உருவாவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் மரப்பெரணிகூட வேர்ப்பின்னலைச் சுற்றிக்கொண்டுதான் நிமிர்ந்து நிற்கிறது. ஆற்றில் உருண்டால் நைந்துவிடும். ஆனால் ஸ்போர் நைவதில்லை. பெரணி இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள் தெரியுமே, அதிலிருந்து உதிரும் தூள்தான் ஸ்போர். அதன் சுவரிலுள்ள ஸ்போரொபொலெனின் என்ற பொருளைப் பெரும்பாலான அமிலங்கள் அரிக்காது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தத்திலும் குலையாது. அதற்கு முக்கிய எதிரி ஆக்சிஜன் ஏறுவதுதான்.

இந்த ஒரு செய்தியிலிருந்தே நம் பகுதியில் எங்கே தேடுவது என்பது புரிந்துவிடும். கேப்பர் மலையிலும் திருவக்கரையிலும் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, மஞ்சள் மணற்கல் ஆக்சிஜன் ஏறிச் சிவந்தது. அதில் ஸ்போர் பெரும்பாலும் அழிந்திருக்கும். மாணவர்களை அங்கே அழைத்துப்போய் மண் அள்ளி வந்து, ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரம் பாடுபட்டு, வெறும் ஸ்லைடைப் பார்த்து மனம் சோர்வது வழக்கமாக நடக்கிறது. அதே கடலூர் மணற்கல் தொகுதிக்குள், நிலக்கரிப் படுகையின் கூரையிலும் அடியிலும் உள்ள கார்பன் கலந்த களிமண் காற்றுப்படாமல் இருந்தது. சதுப்பில் மூழ்கிக் கிடந்த நிலக்கரியும் அப்படியே. நெய்வேலி நிலக்கரியின் மகரந்த, ஸ்போர் ஆய்வை 1960களிலேயே சி. ஜி. கே. ராமானுஜம் விரிவாகச் செய்து வெளியிட்டார். மயோசீன் காலக் காட்டின் பூக்கும் தாவரங்களோடு பெரணி ஸ்போர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அப்போது வெட்டப்பட்டிருந்த பரப்பு சிறியது. அதன் பிறகு சுரங்கம் மைல்கணக்கில் நகர்ந்துவிட்டது. நகர்ந்த தூரம் முழுவதும் சதுப்பு ஒரே மாதிரி இருந்திருக்காது. எங்கே திறந்த நீர் இருந்தது, எங்கே அடர்ந்த காடு இருந்தது என்று பிரித்துக் காட்டும் மண் ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டிருக்கிறது.

பெரணிக்காக ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்பீர்கள். “பெரணிகள் மிகப் பழையவை, பூக்கும் தாவரங்களின் முன்னோர்” என்று வகுப்பறையில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறோம். புதைபடிவம் காட்டும் கதை வேறு. பெரணிக் குலம் பழையதுதான். நியூயார்க் மாநிலத்தின் கில்போவாவில் 38 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்ற வாட்டீசா மரங்கள் அந்தக் குலத்தின் உறவினர். ஆனால் பூக்கும் தாவரங்கள் அதன் வழிவந்தவை அல்ல. விதைத்தாவரக் கிளையும் பெரணிக் கிளையும் டெவோனியன் காலத்திலேயே (சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்) பிரிந்து தனித்தனியாக வளர்ந்தவை. இன்று நாம் பார்க்கும் பெரணி இனங்களில் ஐந்தில் நான்கு பாலிப்போடேல்ஸ் வரிசையைச் சேர்ந்தவை. அவற்றின் பெருக்கம் நடந்தது பூக்கும் தாவரங்கள் காடாகி நிழல் விரித்த பிறகுதான். புதைபடிவங்களின் வயதையும் இன்றைய தாவரங்களின் டி.என்.ஏ.வையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வு 2004இல் வெளிவந்து இதை நிலைநாட்டியது. அந்த மங்கலான நிழலில் வாழ உதவிய நியோகுரோம் என்ற ஒளியுணர் மரபணுவைப் பெரணிகள் கொம்புப்பாசிகள் என்ற சிறு நிலத்தாவரங்களிடமிருந்து பெற்றன என்று 2014இல் தெரியவந்தது. ஆகவே உங்கள் வீட்டுத் தொட்டியில் தொங்கும் நெஃப்ரோலெப்பிஸை “டைனோசர் காலத்துச் செடி” என்பது சரியல்ல. அந்தப் பெயருக்கு உண்மையிலேயே உரிமை உடையது ஆஸ்முண்டா குடும்பம். ஸ்வீடனின் கொர்சரோடில் எரிமலைச் சாம்பலுக்கிடையே கிடைத்த சுமார் 18 கோடி ஆண்டு பழைய ஆஸ்முண்டா தண்டில், பிளந்துகொண்டிருந்த நிலையிலேயே உட்கருக்களும் குரோமோசோம்களும் கால்சைட்டில் உறைந்திருந்தன. உட்கருவின் அளவு இன்றைய உறவினரின் அளவோடு பொருந்துகிறது. ஒரு குடும்பம் அப்படியே நிற்கிறது, இன்னொன்று நேற்று முளைத்தது. “பெரணி” என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடக்கிப் பாடம் நடத்துவது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு பாடப்புத்தகச் சிக்கல் விதைப்பெரணி. நிலக்கரிப் பாறைகளில் கிடைக்கும் அலெத்தோப்டெரிஸ், நியூரோப்டெரிஸ் இலைகள் பார்வைக்கு அச்சு அசல் பெரணி. ஆனால் அவற்றில் ஸ்போர் பொட்டு கிடைக்கவே இல்லை. 1903இல் பிரிட்டிஷ் தாவரவியலாளர்கள் ஆலிவரும் ஸ்காட்டும் இப்படிப்பட்ட ஓர் இலையிலும் தண்டிலும் இருந்த சுரப்பித்தூவிகள் அருகில் கிடந்த விதையிலும் அப்படியே இருப்பதைக் காட்டினார்கள். பெரணி இலை தாங்கிய செடி விதை போட்டது என்பது அப்படித்தான் உறுதியானது. இலையின் வடிவத்தை வைத்துக் குலம் சொல்லக் கூடாது, இனப்பெருக்க உறுப்பு கையில் இருந்தால்தான் சொல்லலாம் என்பது அன்று கிடைத்த பாடம். கீழே சொல்லப்போகும் எச்சரிக்கைகள் பலவும் இதிலிருந்து வருபவையே.

இனி வேலைக்கு வருவோம்.

மாதிரி எடுக்க ஏற்ற காலம் மாசி முதல் வைகாசி வரை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பெஞ்சின் (சுரங்கத்தில் படிபோல வெட்டிய தளத்தின்) முகம் சரியும், மேல் மண் வழிந்து கீழே பூசிக்கொள்ளும். வெட்டி ஒரு வாரத்துக்குள் முகத்தைப் பார்க்க வேண்டும். காய்ந்து வெடித்த முகத்தில் விரிசல் வழியே இன்றைய தூசி உள்ளே போயிருக்கும். முதலில் கொத்துக்கரண்டியால் 15 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டித் தள்ளுங்கள். சுரண்டுவது மேலிருந்து கீழாக, மாதிரி எடுப்பது கீழிருந்து மேலாக. இந்த வரிசையை மாற்றினால் மேல் அடுக்கின் பொடி கீழ் அடுக்கின் மாதிரியில் விழும். பிறகு எந்த ஸ்போர் எந்தக் காலத்தது என்று சொல்ல முடியாமல் போகும். ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் கரண்டியைச் சுத்தமான தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். சுரங்கத்தில் தேங்கிய தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ வேண்டாம். நம் ஊர்க் கிணற்றுச் சுவர்களில் டெரிஸ் விட்டாட்டாவும் அடியாண்டமும் முளைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றின் ஸ்போர் அந்தத் தண்ணீரில் மிதக்கிறது.

நிலக்கரிக்குள் 25 செ.மீ.க்கு ஒரு மாதிரி போதும். களிமண் நிலக்கரியாக மாறும் எல்லையிலும், நிலக்கரி முடிந்து மீண்டும் களிமண் தொடங்கும் எல்லையிலும் மட்டும் அரை மீட்டர் தூரத்துக்கு 5 செ.மீ.க்கு ஒன்று எடுங்கள். சதுப்பு உருவான கதையும் மூழ்கிய கதையும் அங்கேதான் இருக்கின்றன. பெரணிகளும் அங்கேதான் கூடுதலாக எதிர்பார்க்கப்படுபவை. ஒரு மாதிரிக்கு 200 கிராம் போதும். 20 மீட்டர் தடித்த நிலக்கரிப் படுகைக்குக் கணக்குப் போட்டால் 80 மாதிரி, எல்லைகளுக்கு இன்னும் 20. மொத்தம் 100 பை, 20 கிலோ. ஒரு ஜீப்பின் பின்னிருக்கையில் அடங்கும். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டன் வெட்டும் இடத்தில் 20 கிலோவுக்கு அனுமதி கேட்கிறோம்.

ஒவ்வொரு பையிலும் 100 கிராம் ஆய்வுக்கு. மீதி 100 கிராம் பிரிக்காமல் மூடி முத்திரையிட்டு வைக்க வேண்டும். இது மிக முக்கியம். இன்றைய முறையில் நாம் எதையாவது தவறவிட்டிருப்போம், இருபது ஆண்டு கழித்து வருபவர் திரும்பப் பார்க்க மண் இருக்க வேண்டும். பைக்கு வெளியே மார்க்கரில் எழுதுவதோடு, உள்ளே இன்னொரு சிறு பையில் பென்சிலால் எழுதிய சீட்டையும் போடுங்கள். நிலக்கரியின் ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும். சீட்டில் சுரங்கத்தின் பெயர், பெஞ்ச் எண், ஜி.பி.எஸ். புள்ளி, கடல்மட்டத்திலிருந்து உயரம், படுகையின் அடியிலிருந்து எத்தனை செ.மீ., தேதி ஆகியவை வேண்டும். “மேலிருந்து” அளந்தால் பயனில்லை. மேற்பரப்பு நாளைக்கு இருக்காது.

நில ஆய்வுக்காகப் போடும் துளைகளிலிருந்து எடுக்கும் உருளை வடிவ மண் மாதிரிகளான கோர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாம்பல் எவ்வளவு, எரிதிறன் எவ்வளவு என்று அளந்த பிறகு அந்தக் கோர்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. தூக்கி எறியும் முன் ஒவ்வொரு மீட்டரிலும் 5 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி வைத்தால், 100 மீட்டர் துளைக்கு 100 துண்டு. வெட்டுமுகம் போகாத இடங்களின் தகவல் அதில் கிடைக்கும். கோரின் வெளிப்பக்கம் துளையிடும் சேறு பூசியிருக்கும். அதைச் சீவிவிட்டு நடுப்பகுதியை மட்டும் ஆய்வுக்கு எடுக்க வேண்டும்.

ஆய்வுக்கூடம். இங்கே எங்கள் வேண்டுகோள் கல்லூரித் துறைகளிடம். களிமண்ணிலுள்ள சிலிக்கேட்டைக் கரைக்க வழக்கமாக 40% ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் பயன்படுத்துவார்கள். இளங்கலை ஆய்வுக்கூடத்தில் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அது தோலில் பட்ட உடனே எரியாமல் உள்ளே இறங்கி எலும்புவரை போய், இரத்தத்தின் கால்சியத்தைக் குறைத்து உயிருக்கே ஆபத்தாகும். முறையான புகைக்கூண்டும், கால்சியம் குளுக்கோனேட் களிம்பும், பயிற்சி பெற்றவரும் உள்ள கூடத்தில் மட்டுமே அது நடக்க வேண்டும். மற்றவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 20 கிராம் களிமண்ணைப் பொடித்து, 5% சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்பேட் கரைசலில் ஓரிரவு ஊறவிட்டுக் கலக்கினால் களிமண் துகள் பிரிந்துவிடும். 10 மைக்ரான் நைலான் வலையில் தெளிந்த நீர் ஓடும்வரை அலசினால் நுண்களிமண் போய்விடும். எஞ்சியதை ஒப்படர்த்தி 1.9 முதல் 2.0 வரையுள்ள துத்தநாகக் குளோரைடு கரைசலில் இட்டு மையவிலக்கியில் 20 நிமிடம் சுற்றினால் மணல் அடியில் நிற்கும், ஸ்போர் மேலே மிதக்கும். கரைசலில் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க மறந்தால் வெள்ளைப் படிவு விழுந்து எல்லாவற்றையும் மறைக்கும்.

நிலக்கரிக்கு வேறு வழி. 5 கிராமுக்கு மேல் எடுக்க வேண்டாம். அடர் நைட்ரிக் அமிலத்தில் அது சூடேறிச் செம்பழுப்புப் புகை கக்கும், புகைக்கூண்டு கட்டாயம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். முந்தி நிறுத்தினால் கறுப்புத் துணுக்குகளுக்குள் ஸ்போர் ஒளிந்திருக்கும். பிந்தினால் ஸ்போரே கரைந்துவிடும். மெல்லிய சுவருள்ள பெரணி ஸ்போர்கள் முதலில் போகும், தடித்த சுவருள்ளவை தங்கும். அந்த ஸ்லைடை எண்ணுபவர் “இங்கே மெல்லிய சுவர் பெரணியே இல்லை” என்று எழுதிவிடுவார். இந்தத் தவறு வெளியே தெரியாது என்பதால் மிக மோசமானது. நன்கு கழுவிய பிறகு 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், வெந்நீர்த் தொட்டியில் 5 முதல் 10 நிமிடம் வைத்தால் பழுப்புச் சாறு பிரிந்து வரும். நிறம் வெளுக்கும்வரை மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும்.

சல்லடையில் இன்னொரு பொறி இருக்கிறது. பெரிய துணுக்கை நீக்க 150 மைக்ரான் சல்லடையில் வடித்துவிட்டு, மேலே நின்றதைக் கொட்டிவிடுவது பலருக்கும் பழக்கம். அசோலா, சால்வினியா போன்ற நீர்ப்பெரணிகளின் பெரிய ஸ்போர்கள் 200 மைக்ரானைத் தாண்டும். கொட்டியதில்தான் அவை போகின்றன. நம் உழவர்கள் வயலுக்கும் மாட்டுக்கும் தொட்டியில் வளர்க்கும் அதே அசோலாவின் உறவைத் தக்காண எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட படிவிலிருந்து பீர்பல் சாஹ்னியும் எச். எஸ். ராவும் 1943இல் விவரித்தார்கள். ஆர்க்டிக் கடலடியில் 4.9 கோடி ஆண்டுகளுக்கு முன் அசோலா பாயாக விரிந்திருந்ததை 2004ஆம் ஆண்டுத் துளையிடல் காட்டியது. கடலூர்ச் சதுப்பில் நீர்ப்பெரணியைத் தேட விரும்பினால் சல்லடையின் மேல்பகுதியைத் தனிக்குப்பியில் எடுத்து வைத்து, ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் கீழ் பாருங்கள். அசோலாவின் சிறுஸ்போர்த் திரளில் நங்கூரம் போன்ற கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவர் மறக்க மாட்டார்.

எண்ணுவதற்கு முன் லைக்கோபோடியம் என்ற, பெரணியல்லாத செடியின் ஸ்போர் அடங்கிய மாத்திரையைச் சேர்ப்பது நல்ல முறை. மாத்திரையில் எத்தனை ஸ்போர் என்பது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். உதாரணத்துக்கு 10,000 என்று வையுங்கள். 5 கிராம் மண்ணில் ஒரு மாத்திரை போட்டு, எண்ணும்போது 250 புதைபடிவ ஸ்போரும் 50 மாத்திரை ஸ்போரும் வந்தால், மண்ணில் இருந்தது 50,000, கிராமுக்கு 10,000. ஆனால் லைக்கோபோடியம் ஸ்போருக்கும் பெரணி ஸ்போர் போலவே முக்கிளைத் தழும்பு உண்டு. வலைப்பின்னல் போன்ற மேற்பரப்பைப் பார்த்துப் பழகாத மாணவர் அதைப் பெரணிக் கணக்கில் சேர்த்துவிடுவார். மாத்திரையை மட்டும் கரைத்து ஒரு ஸ்லைடு செய்து முதல் நாளே எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். இன்றைய ஸ்போர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, மண் எதுவும் போடாத வெற்றுக் குப்பி ஒன்றையும் அதே படிகளில் ஓட்ட வேண்டும். ஆய்வுக்கூட ஜன்னலில் பெரணித் தொட்டி வைத்திருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்.

பெயர் வைக்கும் இடத்தில் நிதானம் வேண்டும். தழும்பு ஒற்றைக் கோடாக இருந்தால் மோனோலீட், மூன்று கிளையாக இருந்தால் டிரைலீட் என்பது முதல் பிரிவு. வழவழப்பான முக்கோண டிரைலீட் ஸ்போரைக் கண்டதும் சயாத்தியா, அதாவது மரப்பெரணி, என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதே வடிவம் வேறு பல குடும்பங்களிலும் உண்டு. ஸ்போரின் வெளிப்போர்வை புதைபடிவத்தில் பெரும்பாலும் உரிந்துபோயிருக்கும். குடும்பத்தைக் காட்டும் அடையாளம் அதனோடு போய்விடும். இத்தகையவற்றுக்கு உருவப்பெயர் (வடிவத்தை மட்டும் குறிக்கும் பெயர்) கொடுத்து நிறுத்துவதே நேர்மை. நம்பிப் பெயர் சொல்லக்கூடியவையும் உண்டு. 100 மைக்ரானை ஒட்டிய பெரிய ஸ்போரில் தடித்த வரிகள் இணையாக ஓடினால் அது செராட்டோப்டெரிஸ் வழி. வாய்க்காலிலும் வயலோரச் சேற்றிலும் இன்றும் வளரும் நீர்ப்பெரணி அது. அந்த ஸ்போர் திரளாக வரும் அடுக்கு ஆழமற்ற நன்னீரில் படிந்தது என்று துணிந்து சொல்லலாம். ஒப்பிடுவதற்கு இன்றைய தாவரங்களின் ஸ்லைடுகள் இல்லாமல் இந்த வேலை நகராது. அந்த வகையில் புதுச்சேரிக்கு வாய்த்தது பெரும்பேறு. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பும், ஜி. தணிகைமணி போன்றவர்கள் உழைத்து வளர்த்த மகரந்த ஸ்லைடுத் தொகுப்பும் இருக்கின்றன. கடலூர்க் கல்லூரிகள் முறையாகக் கடிதம் எழுதி, மாணவர்களைச் சிறு குழுவாக அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்.

சுரங்கத் தொழிலாளர்களும் பொதுமக்களும் “பெரணிக் கல்” என்று கொண்டுவரும் பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் ஆர்வத்தை ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பெரணி அல்ல. பாறை விரிசலில் மாங்கனீசு ஆக்சைடு படர்ந்த கோலம். தரைக்குப் போடும் கல்லில்கூட அந்தக் கறுப்புக் கோலத்தைப் பார்க்கலாம். உண்மைப் பெரணி இலையில் நடுநரம்பு உண்டு, சிற்றிலைகள் ஒழுங்கான இடைவெளியில் பிரியும், லென்ஸில் கிளை நரம்பு தெரியும். மாங்கனீசுக் கோலத்தில் நரம்பு இருக்காது, கிளைகள் விரிசலின் ஓரத்திலிருந்து உள்ளே நோக்கிப் பரவும். இன்னொரு குழப்பம் கல்லான பனைத் தண்டு. குறுக்கு வெட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் மரப்பெரணி என்று விற்கிறார்கள். பனையில் சிறு புள்ளிகள் தண்டு முழுவதும் சிதறியிருக்கும். மரப்பெரணியில் வளைந்த பட்டைகளாகச் சில பெரிய கற்றைகள், சுற்றிலும் வேர்ப்போர்வை. கண்காட்சியில் பெயர்ச்சீட்டு எழுதும் முன் கல்லை ஒருமுறை குறுக்கே வெட்டி மெருகேற்றிப் பாருங்கள்.

களிமண்ணில் உண்மையான இலைப்பதிவு கிடைத்துவிட்டால் என்ன செய்வது? முதலில், பிளந்த இரண்டு பாதிகளையும் எடுங்கள். ஒன்றில் வடிவம் இருக்கும், மற்றதில் கார்பன் படலமும் ஸ்போர்ப் பையும் ஒட்டியிருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், வார்னிஷ் பூச வேண்டாம். அக்கினி வெயிலில் அரை மணி நேரம் வைத்தாலே களிமண் சுருங்கி, படலம் செதில் செதிலாக உதிரும். உடனே டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளால் மூடி, நிழலில் இரண்டு மூன்று வாரம் மெல்ல மெல்ல உலர விடுங்கள். இலையின் அடியில் ஸ்போர்ப் பை தெரிந்தால் அதுவே பெரும் புதையல். பை கூட்டமாக இருக்கிறதா, ஒவ்வொன்றையும் சுற்றி ஓடும் தடித்த செல்வளையம் நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, வெறும் ஒரு பக்கத் திட்டாக இருக்கிறதா என்பதை வைத்துத்தான் குடும்பம் தீர்மானமாகும். நிமிர்ந்து ஓடினால் பாலிப்போடேல்ஸ், பக்கத் திட்டானால் ஆஸ்முண்டா. ஸ்போர்ப் பை இல்லாத வெற்றிலைக்கு, இலை வடிவத்தை மட்டும் வைத்து இன்றைய பேரினப் பெயரைச் சூட்டாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளில் கிடைக்கும் கிளாடோஃப்ளெபிஸ் என்பதே அப்படி ஓர் உருவப்பெயர்தான். அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களின் இலை அடங்கியிருக்கிறது.

புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். வழுதாவூர் சுற்றுவட்டாரத்தில் கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவுகளும், கரசூர்ப் பக்கம் அதை அடுத்த பேலியோசீன் படிவுகளும் இருக்கின்றன. வெளியே தெரிவது கொஞ்சமே. கிணறு, குளம், அடித்தளம் தோண்டினால்தான் புதிய மண்ணைப் பார்க்கலாம். கடற்படிவிலும் காற்றும் ஆறும் கொண்டுசேர்த்த ஸ்போர் இருக்கும். இந்த இரு காலங்களின் எல்லையில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய பேரழிவுக்குப் பிறகு, நியூ மெக்சிகோவின் ரேட்டன் படுகையில் மகரந்தம் ஏறக்குறையக் காணாமல் போய், ஒரு மெல்லிய அடுக்கு முழுவதும் பெரணி ஸ்போராக நிறைந்திருப்பதை 1980களில் கண்டார்கள். காடு அழிந்த வெறுந்தரையில் முதலில் படர்ந்தது பெரணி. நம் மண்ணிலும் அது இருக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. கடலோரப் படிவில் அந்த எல்லை அரிக்கப்பட்டும் போயிருக்கலாம். ஆனால் ஊராட்சி குளம் தூர்வாரும்போது சாம்பல் நிறக் களிமண் வந்தால் ஒரு பை எடுத்து, ஆழத்தை எழுதி வையுங்கள். செலவு ஒரு ஜிப் பையும் ஒரு பென்சிலும்.

சேமிப்பு அறை பற்றி மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இது. தரைத்தளம் வேண்டாம். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று நம் கரை எத்தனை புயலைப் பார்த்திருக்கிறது என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, இரும்பு அலமாரிகள், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள், அவற்றுள் சிலிக்கா ஜெல் போதும். பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் கலந்த மாதிரியைக் கடலோர ஈரப்பதத்தில் திறந்து வைத்தால் அது பூத்து, வெள்ளை மஞ்சள் தூளாகி, அமிலம் கசிந்து சீட்டையும் பையையும் தின்றுவிடும். அத்தகையவற்றைத் தனிப்பெட்டியில் வைக்க வேண்டும். பதிவேடு இரண்டு பிரதி, ஒன்று வேறு ஊரில். நெய்வேலியில் வைத்தாலும் சரி, கடலூரில் வைத்தாலும் சரி, யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்டு 10 கிராம் பெற்று ஆராயலாம் என்ற விதி இருந்தால் போதும். முத்திரையிட்ட பாதியை மட்டும் யாருக்கும் எளிதில் கொடுத்துவிட வேண்டாம்.

வரும் மாசியில் நிலக்கரி முகம் ஒன்றில் முதல் கோட்டைத் தொடங்க அனுமதி வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி, தலைக்கவசம், உடன் வரும் பொறியாளர், வெட்டு இயந்திரம் நிற்கும் நேரம் எல்லாம் சுரங்கத்தின் விதிப்படியே. பைகள், அளவு நாடா, சீட்டு, பென்சில், கொத்துக்கரண்டி, கழுவும் தண்ணீர் எல்லாம் நாங்கள் கொண்டுவருகிறோம். எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரிப் பகுதித் தாவரவியல், புவியியல் ஆசிரியர்கள் சிலர்